ஒளிச் சில்லுக்கு எந்தப் பொருள்? ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒளிச் சில்லு என்பது மின்சாரத்துக்குப் பதில் ஒளியை ஓடவிடும் சில்லு. அதை எதில் செய்வது, சிலிக்கானா, சிலிக்கான் நைட்ரைடா, இந்தியம் பாஸ்பைடா, லித்தியம் நியோபேட்டா என்று கேட்டு எனக்கு வரும் மின்னஞ்சல்களோடு பெரும்பாலும் ஓர் அட்டவணையும் வரும். மேலே நான்கு பொருள்களின் பெயர்கள், இடப்பக்கம் ஒளிவிலகல் எண், இழப்பு, வேகம், விலை, நடுவில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். அதை வைத்துக்கொண்டு ஒருவர் நல்ல முடிவுக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவர் செய்யப்போகும் சில்லு அந்த அட்டவணையில் எங்குமே இருக்காது என்பதுதான் காரணம்.

நான் நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஒளிச் சில்லுகளைச் சோதித்து அளக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த ஊரின் பலம் இந்தியம் பாஸ்பைடு. ரயில் ஏறி இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் என்ஸ்கெடே, அங்கே சிலிக்கான் நைட்ரைடு. எல்லை தாண்டி பெல்ஜியத்தின் லூவனில் ஐமெக் ஆய்வு மையம் இருக்கிறது, அங்கே சிலிக்கான். அதனால் எல்லா வகைச் சில்லுகளும் என் மேசைக்கு வந்து போகின்றன. ஒப்பிடுவதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: அட்டவணையின் இடப்பக்கத்தில் பொருளின் குணங்களை எழுதாமல், உங்கள் சுற்றின் உறுப்புகளை எழுதுங்கள். லேசரில் கிளம்பும் ஒளி டிடெக்டர் வரை எவற்றையெல்லாம் கடக்கிறதோ அவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பொருளிலும் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை டெசிபெல் போகிறது என்று கணக்குப் போடுங்கள். டெசிபெல் இழப்பின் அளவு: 3 போனால் பாதி ஒளி, 10 போனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

முதலில் அலைநீளம்

கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் ஒளியின் அலைநீளம் என்ன? பாதிப் போட்டி இதிலேயே முடிந்துவிடும். சுமார் 1,100 நானோமீட்டருக்குக் கீழே சிலிக்கான் ஒளியை விழுங்கிவிடும். ரூபிடியம் அணுக்களோடு வேலை செய்ய 780 நானோமீட்டர் வேண்டும், உயிரியல் உணரிகளுக்குப் பலர் 850 நானோமீட்டரில் இயங்குகிறார்கள். இங்கெல்லாம் சிலிக்கான் வேவ்கைடு (சில்லுக்குள் ஒளி ஓடும் மெல்லிய பாதை) என்ற பேச்சே இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து அகச்சிவப்பு வரை நைட்ரைடு வழிவிடும். லித்தியம் நியோபேட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடும். இந்தியம் பாஸ்பைடு தளங்கள் 1,300 முதல் 1,600 நானோமீட்டர் வரையிலான தொலைத்தொடர்புப் பட்டைக்கென்றே வளர்ந்தவை.

அடுத்து, சில்லுக்குள் எவ்வளவு சக்தியை ஓட்டப்போகிறீர்கள்? சிலிக்கானில் 1,550 நானோமீட்டரில் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து உறிஞ்சப்படும் விளைவு இருக்கிறது. ஒரு குறுகிய வேவ்கைடில் பல பத்து மில்லிவாட் ஏற்றினால் இழப்பு ஏறத் தொடங்கும், ஒளி மறுபடி மறுபடி சுற்றிச் சேரும் வளைய ஒத்திசைவியில் அதைவிடக் குறைந்த சக்தியிலேயே தொல்லை வரும். நைட்ரைடில் இந்தக் கவலை இல்லை. ஒரு லேசரிலிருந்து சம இடைவெளியில் பல அலைநீளங்களை எடுக்கும் ஒளிச்சீப்பு (காம்ப்) ஆய்வுகள் நைட்ரைடில் பெருகியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இரண்டு சில்லுகள், இரண்டு கணக்கு

தரவு மையத்துக்கான ஒரு அனுப்பியை, அதாவது மின் தரவை ஒளியாக்கி ஃபைபரில் அனுப்பும் சில்லை, எடுத்துக்கொள்வோம். லேசர் 13 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து டெசிபெல்லில் சொல்லும் சக்தி), அதாவது 20 மில்லிவாட். சிலிக்கான் சில்லுக்குள் நுழைய 1.5 டெசிபெல், ஒரு செ.மீ. வேவ்கைடுக்கு 2, தரவை ஒளியில் ஏற்றும் மாடுலேட்டர் 4, அதன் இயங்குபுள்ளியில் பாதி ஒளி போவதால் 3, வெளியே வர 1.5. மொத்தம் 12. ஃபைபரில் மிஞ்சுவது 1 டிபிஎம். இவை வழக்கமாக நான் கணக்கைத் தொடங்க வைத்துக்கொள்ளும் எண்கள், உங்கள் சில்லைச் செய்யும் ஆலையான ஃபவுண்டரியின் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இதே அனுப்பியை மென்படல லித்தியம் நியோபேட்டில் போட்டால் நுழைவும் வெளியேற்றமும் அதே 1.5, வேவ்கைடு 0.3, மாடுலேட்டர் 0.7, இயங்குபுள்ளி 3. மிஞ்சுவது 6 டிபிஎம். 5 டெசிபெல் மிச்சம் என்றால், மூன்றில் ஒரு பங்கு சக்தியுள்ள லேசர் போதும். இந்தியம் பாஸ்பைடில் லேசரே சில்லுக்குள் இருப்பதால் நுழைவு என்ற வரியே கணக்கில் இல்லை. வேவ்கைடு இழப்பு செ.மீ.க்கு 2 டெசிபெல் அளவில் இருந்தாலும் பாதை சில மில்லிமீட்டர்தான். வேண்டுமென்றால் வழியில் ஒரு ஒளிப்பெருக்கியையும் வைத்துக்கொள்ளலாம், மற்ற மூன்றிலும் தனியாக ஒட்டாமல் இது கிடைக்காது. 2000களின் நடுவில் இன்ஃபினெரா நிறுவனம் ஒவ்வொன்றும் 10 கிகாபிட் வேகமுள்ள 10 அலைநீளங்களை ஒரே இந்தியம் பாஸ்பைடு சில்லில் சேர்த்து விற்றது இந்தப் பலத்தால்தான்.

சரி, அப்படியானால் தரவு மையங்களில் ஏன் சிலிக்கான் இவ்வளவு பரவியது? கணக்கின் கடைசி வரி டெசிபெல் இல்லை, பரப்பளவு. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.48, சுற்றியிருக்கும் ஆக்சைடுக்கு 1.44. இந்தப் பெரிய வித்தியாசத்தால் 5 மைக்ரான் ஆரத்தில் ஒளியைத் திருப்பிவிடலாம். சுமார் 2 ஒளிவிலகல் எண் உள்ள நைட்ரைடில் அதே திருப்பத்துக்குப் பல பத்து மைக்ரான் வேண்டும். லித்தியம் நியோபேட் மாடுலேட்டரின் நீளம் அரை முதல் ஒரு செ.மீ., சிலிக்கான் வளைய மாடுலேட்டரின் குறுக்களவு சில பத்து மைக்ரான் கூட இல்லை. 2025 மார்ச்சில் என்விடியா அறிவித்த ஸ்விட்சுகளில், மின்சில்லின் பக்கத்திலேயே தைவானின் டிஎஸ்எம்சி ஆலை செய்த சிலிக்கான் நுண்வளைய மாடுலேட்டர்கள் உட்கார்ந்தன. அந்த இடத்தில் கேள்வி, ஒரு மில்லிமீட்டர் விளிம்பிலிருந்து எத்தனை டெராபிட் எடுக்க முடியும் என்பது. ஒரு செ.மீ. நீள மாடுலேட்டருக்கு அங்கே இடமில்லை.

இப்போது இரண்டாவது சில்லு: ஒளியை ஒரு மீட்டர் தூரம் சுற்றவிட்டுத் தாமதிக்கும் சுருள் (நைட்ரைடில் சுமார் 7 நானோ நொடி). 220 நானோமீட்டர் தடிமன், அரை மைக்ரான் அகலம் கொண்ட வழக்கமான சிலிக்கான் வேவ்கைடில் செ.மீ.க்கு 2 டெசிபெல் என்றால் 200 டெசிபெல் போகும். அதாவது ஒளியே இருக்காது. செ.மீ.க்கு 0.1 டெசிபெல் தரும் நைட்ரைடில் 10 டெசிபெல். நல்ல நைட்ரைடில் மொத்தமே 1 டெசிபெல்லுக்குள் முடிக்கலாம். இந்தச் சில்லுக்கு மாடுலேட்டர் வேகத்தையும் வளைவு ஆரத்தையும் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘சிலிக்கான்’ என்பது ஒரே தளம் இல்லை. ஃபின்லாந்தின் விடிடி ஆய்வு நிறுவனம் 3 மைக்ரான் தடிமனான சிலிக்கானில் செ.மீ.க்கு 0.1 டெசிபெல் அளவுக்கு இழப்பைக் குறைத்திருக்கிறது. நைட்ரைடும் அப்படித்தான். 100 நானோமீட்டருக்கும் குறைவான மெல்லிய படலத்தில் இழப்பு வியக்கும் அளவுக்குக் குறையும், ஆனால் ஒளி நைட்ரைடுக்கு வெளியே பரவி நிற்பதால் வளைவு ஆரம் மில்லிமீட்டர் கணக்கில் போகும். 800 நானோமீட்டர் தடித்த படலத்தில் இறுக்கமாக வளைக்கலாம், ஆனால் இழுவிசையால் படலம் விரிசல் விடும். அதைத் தடுக்கக் குழி வெட்டி நிரப்பும் முறைகளைக் கையாள்கிறார்கள். யாராவது பொருளின் பெயரை மட்டும் சொன்னால், தடிமன் என்ன என்று உடனே கேளுங்கள்.

நுழைவாயில்

என் மேசையில் அதிக நேரத்தைத் தின்பது வேவ்கைடு இழப்பு இல்லை, ஃபைபரிலிருந்து சில்லுக்குள் ஒளியை இறக்குவதுதான். 1,550 நானோமீட்டரில் சாதாரண ஃபைபரில் ஒளி பரவியிருக்கும் வட்டம் சுமார் 10 மைக்ரான். சிலிக்கான் வேவ்கைடோ அரை மைக்ரான் அகலம், கால் மைக்ரானுக்கும் குறைந்த உயரம். குடத்து நீரை மருந்துப் புட்டியில் இறக்குவது போன்ற வேலை, புனல் இல்லாமல் நடக்காது.

அந்தப் புனல் இரண்டு வகை. கிரேட்டிங் கப்ளர் மேலிருந்து ஒளியை வாங்கும். சில்லுகள் உருவாகும் வட்டத் தகடான வேஃபரை அறுக்காமலேயே சோதிக்கலாம், ஃபைபர் ஓரிரு மைக்ரான் விலகினாலும் சமாளிக்கும். ஆனால் ஒவ்வொரு முனையிலும் 3 முதல் 5 டெசிபெல் போவது சகஜம், பட்டை அகலம் 30, 40 நானோமீட்டர், ஒளி அலை அதிரும் ஒரு திசைக்கு (போலரைசேஷன்) மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும். விளிம்புக் கப்ளரில் 1 முதல் 2 டெசிபெல், பட்டையும் அகலம், ஆனால் மைக்ரானுக்கும் குறைவான துல்லியத்தில் ஃபைபரை நிறுத்த வேண்டும். ஒரு தளத்தின் விளம்பரத் தாளில் வேவ்கைடு இழப்பு பெரிய எழுத்தில் இருந்து, கப்ளர் இழப்பு எங்கேயும் இல்லை என்றால் அதைத்தான் நான் முதலில் கேட்பேன். இரண்டு முனைக்கும் சேர்த்து 8 டெசிபெல் போகும் சில்லில், வேவ்கைடு இழப்பு செ.மீ.க்கு 0.1ஆ 0.5ஆ என்று விவாதிப்பது வீண்.

லேசர் எங்கே உட்காரும் என்பதும் இதே கேள்விதான். சிலிக்கானின் ஆற்றல் பட்டை அமைப்பு அதை ஒளிரவிடாது. ஆகவே வெளியிலிருந்து ஃபைபர் வழியே கொண்டுவரலாம், லேசர் சில்லைத் தலைகீழாக ஒட்டலாம், அல்லது இந்தியம் பாஸ்பைடு படலத்தையே சிலிக்கான் வேஃபர் மேல் பிணைக்கலாம். கடைசி வழியைக் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகமும் இன்டெலும் 2006இல் செய்து காட்டின, 2016இல் இன்டெல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உங்கள் ஃபவுண்டரி இவற்றில் எதைத் தருகிறது என்று கேளுங்கள். “எங்கள் கூட்டாளி செய்வார்” என்பது பதிலானால், அந்தக் கூட்டாளியோடு தனியாகப் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

ஏமாற்றும் எண்கள்

வளைய ஒத்திசைவியின் க்யூ மதிப்பை, அதாவது ஒளி இழக்காமல் வளையத்துக்குள் எவ்வளவு தங்கும் என்பதன் அளவை, பெருமையாகச் சொல்வார்கள். சிலிக்கானிலும் நைட்ரைடிலும் உள்ளார்ந்த க்யூ பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இழப்பும் சமமா? இல்லை. க்யூவிலிருந்து இழப்பைக் கணக்கிடும்போது ஒளித்துடிப்பு எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று சொல்லும் குழு ஒளிவிலகல் எண் உள்ளே வரும். சிலிக்கானுக்கு அது சுமார் 4.2, நைட்ரைடுக்கு 2.1. அதனால் 1,550 நானோமீட்டரில் நைட்ரைடுக்குச் செ.மீ.க்கு 0.37 டெசிபெல், சிலிக்கானுக்கு 0.74. க்யூவை க்யூவோடு ஒப்பிடாதீர்கள், இரண்டையும் டெசிபெல்லுக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள். அந்த எண் சிறந்த ஒரு வளையத்தினுடையதா, வேஃபர் முழுக்க எடுத்த சராசரியா என்றும் கேளுங்கள். சராசரியும் விலகலும் தராத இழப்பு எண்ணை நான் என் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாடுலேட்டரில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. ஒளி அலையின் கட்டத்தை (ஃபேஸ்) பாதிச் சுற்று திருப்பத் தேவையான மின்னழுத்தத்தையும் நீளத்தையும் பெருக்கி வரும் எண்ணை எல்லோரும் சொல்வார்கள். சிலிக்கான் பிஎன் சந்திக்கு (இருவகையாக மாசேற்றிய பகுதிகள் சேரும் இடம்) அது 1 முதல் 2 வோல்ட்-செ.மீ. வரை, மென்படல லித்தியம் நியோபேட்டுக்கு 2 முதல் 3 வரை. இதை மட்டும் பார்த்தால் சிலிக்கான்தான் மேல். ஆனால் சிலிக்கான் படிகத்தின் சமச்சீர் காரணமாக அதில் பாக்கெல்ஸ் விளைவு (மின்புலம் நேரடியாக ஒளிவிலகல் எண்ணை மாற்றுவது) கிடையாது. மின்னூட்டங்களை நகர்த்தித்தான் ஒளிவிலகல் எண்ணை மாற்ற வேண்டும். சோரெஃப், பென்னட் இருவரும் 1987இல் வெளியிட்ட சமன்பாடுகள் இன்றும் இதற்கு அடிப்படை. அதே மின்னூட்டங்கள் ஒளியை உறிஞ்சவும் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே இன்னொரு முறை, செ.மீ.க்கு ஆகும் இழப்பாலும் பெருக்குங்கள். மாசேற்றிய சிலிக்கானில் செ.மீ.க்கு 10 டெசிபெல் என்றால் 2 × 10 = 20. லித்தியம் நியோபேட்டில் 2.5 × 0.3 = 0.75. இப்போது வரிசை தலைகீழாகிவிட்டது. 2018இல் ஹார்வர்டில் மார்கோ லோன்சாரின் குழு, சாதாரண மின்சில்லின் மின்னழுத்தத்திலேயே இயங்கும் லித்தியம் நியோபேட் மாடுலேட்டரைக் காட்டியபோது துறை முழுவதும் திரும்பிப் பார்த்தது இதற்காகத்தான். 100 கிகாஹெர்ட்ஸைத் தாண்டும் பட்டை அகலமும் அதில் சாத்தியம்.

அந்தத் தளத்திடம் கேட்க வேண்டியவையும் உண்டு. மின்னழுத்தம் கொடுத்து நிறுத்திய இயங்குபுள்ளி நேரம் போகப் போக நகர்கிறதா, அதைச் சூடேற்றியைக் கொண்டு நிறுத்துகிறார்களா? வேஃபர் எத்தனை அங்குலம்? லித்தியம் மாசு பரவும் என்ற பயத்தால் பல மின்சில்லு ஆலைகள் இந்தப் பொருளை உள்ளே விடத் தயங்குகின்றன. சிலிக்கான் 300 மி.மீ. (12 அங்குல) வேஃபரில் ஓடும்போது இது பெரும்பாலும் 4, 6 அங்குலத்தில் இருக்கிறது, 8 அங்குலம் இப்போதுதான் வருகிறது.

நைட்ரைடுக்கு மாடுலேட்டர் கேள்வியே வேறு. அதில் வேகமான விளைவு எதுவும் இயல்பாக இல்லை, சூடேற்றி மாற்ற வேண்டும். வேகமாக மாறும் சுற்று என்றால் நைட்ரைடை மட்டும் வைத்துச் செய்ய முயலாதீர்கள்.

வெப்பம்

சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஒரு பாகை செல்சியஸுக்கு சுமார் 0.00018 மாறும். நைட்ரைடில் அதில் ஏழில் ஒரு பங்குதான். சிலிக்கான் வளையத்தின் ஒத்திசைவு பாகைக்கு 0.07 முதல் 0.08 நானோமீட்டர் நகரும், நைட்ரைடில் 0.02 அளவு. இந்தியம் பாஸ்பைடு லேசரின் அலைநீளம் பாகைக்கு 0.1 நானோமீட்டர் நகரும், போதாக்குறைக்குச் சூட்டில் அதன் சக்தியும் குறையும், அதனால் குளிர்விப்பான் வைக்க வேண்டியிருக்கும். அந்தக் குளிர்விப்பான் இழுக்கும் மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள். அதை விட்டுவிட்டு ஒப்பிடும் தாள்களை அடிக்கடி பார்க்கிறேன்.

வெப்பம் எதிரி மட்டும் இல்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் கட்டத்தை மாற்றி நிரல்படுத்தும் சுற்றைச் செய்வதானால், சிலிக்கானின் அதே குணம் உதவிக்கு வரும். ஒரு சூடேற்றிக்கு 20 மில்லிவாட் அளவில் பாதிச் சுற்றுக் கட்ட மாற்றம் கிடைக்கும், நைட்ரைடில் அதற்குப் பல மடங்கு வேண்டும். நூறு சூடேற்றிகள் என்றால் சிலிக்கானில் 2 வாட். ஐஐடி மெட்ராஸில் நிரல்படுத்தக்கூடிய ஒளிச்சுற்றுகளுக்கென இயங்கும் மையமும் சிலிக்கானில்தான் வேலை செய்கிறது. இந்தத் துறைக்கு வர விரும்பும் நம் ஊர் மாணவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்னொரு எண்ணையும் மனத்தில் வையுங்கள்: சிலிக்கான் வேவ்கைடின் அகலம் ஒரு நானோமீட்டர் மாறினால் ஒத்திசைவும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் நகரும், தடிமன் மாறினால் அதைவிட அதிகம். எந்த ஆலையும் இதை முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. எனவே ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு சூடேற்றியும் அதை ஓட்டும் மின்சுற்றும் உண்டு என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் செய்வது

பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு ஃபவுண்டரி தேடுவது என் பார்வையில் தவறான வரிசை. இரண்டும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும். பலருடைய வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் சேர்த்துச் செய்யும் பகிர்வு ஓட்டங்கள் எல்லாப் பொருளுக்கும் இருக்கின்றன. சிலிக்கானுக்கு ஐமெக், அமெரிக்காவின் ஏஐஎம் ஃபோட்டானிக்ஸ், சவுத்தாம்ப்டனின் கார்னர்ஸ்டோன். நைட்ரைடுக்கு என்ஸ்கெடேயின் லயோனிக்ஸ், சுவிட்சர்லாந்தின் லிஜென்டெக். இந்தியம் பாஸ்பைடுக்கு ஐந்தோவனின் ஸ்மார்ட் ஃபோட்டானிக்ஸ், பெர்லினின் ஃப்ரான்ஹோஃபர் எச்எச்ஐ. வடிவமைப்புக் கோப்பை அனுப்பியதிலிருந்து சில்லு கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும், ஒரு வருடத்தைத் தொடுவதும் உண்டு. எலெக்ட்ரான் கற்றையால் நேரடியாக எழுதித்தரும் சிறிய கூடங்கள் வாரக்கணக்கில் தந்துவிடும். முதல் முயற்சிக்கு நான் அவற்றைத்தான் பரிந்துரைப்பேன்.

ஃபவுண்டரி தரும் வடிவமைப்புத் தொகுப்பான பிடிகேயைத் திறந்தவுடன், அதில் உள்ள உறுப்புகளை உங்கள் ஒளிக்கணக்கின் வரிகளோடு ஒப்பிடுங்கள். எந்த வரிக்கு உறுப்பு இல்லையோ அதை நீங்களே வடிவமைக்க வேண்டும், அதுதான் தாமதமாகப்போகும் இடம். அளந்து சரிபார்த்த உறுப்பு எது, கணினி உருவகத்தில் மட்டும் இருப்பது எது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொருளின் வரத்தையும் விசாரியுங்கள். 2025 பிப்ரவரியில் சீனா இந்தியம் பாஸ்பைடை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் சில்லு வேண்டியவர்களுக்கு, வேஃபர் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதும் கணக்கின் ஒரு வரி.

கடைசியாக, கோப்பை அனுப்பும் முன் உங்கள் சில்லின் இடத்தில் ஒரு மூலையை அளப்பதற்கென்று ஒதுக்குங்கள். வெவ்வேறு நீளத்தில் நான்கைந்து சுருள்கள், வெவ்வேறு இடைவெளியில் சில வளையங்கள், தனியாக ஒரு மாடுலேட்டர். ஃபைபர் வரிசையின் இடைவெளி 127 மைக்ரானா 250 மைக்ரானா என்று உங்கள் சில்லை அளக்கப்போகும் கூடத்திடம் கேட்டு, கப்ளர்களை அதே இடைவெளியில் வையுங்கள். வரிசையின் முதல் கப்ளரையும் கடைசிக் கப்ளரையும் ஒரு வெறும் வேவ்கைடால் இணைத்துவிடுங்கள். வேறு எதுவும் வேலை செய்யாவிட்டாலும் அந்த இணைப்பில் ஒளி தெரியும். ஃபைபர் சரியாக நிற்கிறது, பிழை சுற்றில்தான் இருக்கிறது என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிடலாம்.